ஆறாயிரம் பவுண்டு ரோஷம்

மனுஷனுக்கு ரோஷம் எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாம். ஐசக்குக்கு அது ஒரு கார்க் கதவிலிருந்து வந்தது.

கார் அவருடையது இல்லை. அதுதான் விஷயமே. அது அவருடைய சகலை ஃபிரெடியுடையது. ஐசக்கின் மனைவி மரியபுஷ்பத்துக்கு ஒரே தங்கை கரோலின். அவளைக் கட்டியவன் இந்த ஃபிரெடி. மருந்துக் கம்பெனி ஒன்றில் விற்பனை மேலாளர். வயதில் ஐசக்குக்கு ரொம்ப இளையவன், சம்பளத்தில் ரொம்ப மூத்தவன். இரண்டு குடும்பமும் ஹைதராபாத் ஏ.எஸ்.ராவ் நகரில் அடுத்தடுத்த தெரு. ஞாயிற்றுக்கிழமை காலையில் செகந்திராபாத்தில் தமிழ்ப் பூசை. ஃபிரெடி தன் பெரிய காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, "ஏறுங்க அண்ணாச்சி" என்பான். அண்ணாச்சி ஏறுவார். பின் சீட்டில்தான்.

ஐசக் லேசுப்பட்ட ஆள் இல்லை. எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் துணை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு திருகாணிகூடக் கேட்டைத் தாண்டாது என்று ஒரு காலம் இருந்தது. இப்போது அவர் கையெழுத்தைக் கேட்பது கூரியர்காரன் மட்டும்தான். வண்டி என்று சொல்லிக்கொள்ள ஒரு பழைய ஸ்கூட்டர் இருக்கிறது. அதில் மரியபுஷ்பம் ஏறுவதை நிறுத்தி வெகுநாளாயிற்று.

கோடை தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் ஐசக் காரைவிட்டு இறங்கினார். கதவைச் சாத்தினார். கொஞ்சம் பலமாகத்தான் சாத்திவிட்டார். பங்குச் சாமியார் நின்றுகொண்டிருந்தார். பாடகர் குழு நின்றுகொண்டிருந்தது. பாதிப் பங்கு மக்களும் நின்றுகொண்டிருந்தார்கள். ஃபிரெடி கண்ணாடியை இறக்கிச் சிரித்த முகத்தோடு சொன்னான்.

"கதவைக் கொஞ்சம் மெதுவா சாத்துங்க அண்ணாச்சி. இது ஸ்கூட்டர் டிக்கி இல்ல."

எல்லாரும் சிரித்தார்கள். சாமியாரும் சிரித்தார். ஐசக்கும் சேர்ந்து சிரித்தார், வேறென்ன செய்வது. உள்ளே போய் முழங்காலில் நின்றபோது காது இரண்டும் கொதித்தன. ஊரே பாவமன்னிப்புக்கு மன்றாடிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் காருக்குக் கலர் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளை. ஃபிரெடியுடையதைவிடப் பெரிது. இனி அந்தப் பின் சீட்டில் உட்கார்ந்தால் என் பெயர் ஐசக் இல்லை என்று மாதா சுரூபத்தைப் பார்த்துத் தீர்மானம் பண்ணிக்கொண்டார்.

தீர்மானத்துக்குப் பஞ்சமில்லை. பணத்துக்குத்தான் பஞ்சம். ஓய்வுப் பணத்தில் பெரும்பகுதி மகன் பிளஸ்ஸனின் அமெரிக்கப் படிப்போடு விமானம் ஏறிவிட்டது. வீட்டில் பணம் புரளும் இடம் ஒன்றே ஒன்று, அது மரியபுஷ்பத்தின் கேக் அடுப்பு. கிறிஸ்மஸுக்கு அக்கம்பக்கத்தாருக்குப் பிளம் கேக் போட்டுக் கொடுக்க ஆரம்பித்தவள், இன்றைக்கு நகரின் மறுகோடியிலிருக்கும் காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸ் வரை பிறந்தநாள் கேக் அனுப்புகிறாள். உதவிக்கு இரண்டு பெண்கள் வருகிறார்கள். கடைக்குப் பெயர் இருக்கிறது, ஜி.எஸ்.டி. எண் இருக்கிறது, கணக்குப் பார்க்க உஷா என்று ஒரு ஆடிட்டர் இருக்கிறாள். ஐசக் மட்டும் இதை "அவ பொழுதுபோக்கு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்தப் பொழுதுபோக்குதான் அவர் வீட்டுக் கரண்ட் பில் கட்டுகிறது என்பதை நினைத்தால் அவருக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கும். அதனால் நினைப்பதில்லை.

ஆக, கார் வாங்கும் பணம் மரியபுஷ்பத்துடையதாக இருக்க வேண்டும். வாங்கிய பெருமை ஐசக்குடையதாக இருக்க வேண்டும். இந்தக் கணக்கு எப்படிப் போட்டாலும் உதைத்தது. அப்போதுதான் டெக்ஸாஸிலிருந்து பிளஸ்ஸன் கூப்பிட்டான்.

பிளஸ்ஸன் அங்கே சொந்தமாகச் சின்னதாக ஒரு தொழில் தொடங்கியிருந்தான். வீடியோவில் புது வண்டியைக் காட்டினான். வண்டியா அது, வீட்டுக்குச் சக்கரம் வைத்தது போல இருந்தது. இவ்வளவு பெரிசு எதற்குடா என்று ஐசக் கேட்டார். அவன் சொன்னான்:

"வரிக்குத்தான் டாடி. பிஸினஸுக்குன்னு வாங்கினா வரியில கழிச்சுக்கலாம். சின்ன காருக்கெல்லாம் அதுக்கு ஒரு லிமிட் வெச்சிருக்கான். வெயிட் ஆறாயிரம் பவுண்டுக்கு மேல போச்சுன்னா அந்த லிமிட் ரொம்ப ஜாஸ்தி."

பிள்ளை அதற்கு மேலும் சொன்னான். பாதிக்கு மேல் தொழிலுக்கு ஓட்ட வேண்டும், கணக்கு வைக்க வேண்டும், அதற்கும் ஒரு உச்சவரம்பு உண்டு என்றெல்லாம் சொன்னான். ஐசக் காதில் விழவில்லை. குழம்புச் சட்டியில் கறித் துண்டை மட்டும் துழாவி எடுக்கிற மாதிரி, அவருக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு போனை வைத்துவிட்டார். ஹைதராபாத்தில் பாதி வீடுகளுக்கு அமெரிக்கா மேல்மாடி மாதிரி. மாடியில் மழை பெய்தால் கீழே குடை விரிப்பார்கள். இந்தச் சட்டம் எந்த ஊர்ச் சட்டம் என்ற சின்னக் கேள்வி ஐசக்குக்கு உதிக்கவே இல்லை.

மறுநாள் காலையில் மரியபுஷ்பம் முட்டை அடித்துக்கொண்டிருந்தாள். ஐசக் போய் அடுப்படி வாசலில் நின்றார்.

"புஷ்பம், நீ கவர்ன்மென்டுக்கு அநியாயமா வரி கட்டுத."

"உஷா சொல்லுததைத்தான கட்டுதேன்."

உஷா சின்னப் பெண், அவளுக்கு உலக நடப்பு தெரியாது என்று ஆரம்பித்து ஐசக் ஒரு சொற்பொழிவே நடத்தினார். கடை பேரில் ஒரு வண்டி வாங்கினால் வரியில் கழிக்கலாம். வண்டி கனமாக ஆக வரி குறையும். ஆறாயிரம் பவுண்டைத் தாண்டிவிட்டால் வண்டி விலை மொத்தத்தையும் கழித்துவிடலாம், ஏறக்குறைய அரசாங்கமே வாங்கிக் கொடுத்த மாதிரி. மரியபுஷ்பம் முட்டை அடிப்பதை நிறுத்தினாள்.

"அப்பம் ஒரு ஆனை வாங்கினா வரியே கிடையாதோ அத்தான்?"

"பகடி பண்ணாத. சட்டம் சொல்லுது."

"வண்டி கடை பேர்லதான் இருக்கணுமோ?"

"ஹவ்" என்று ஊர் உருதுவில் ஆமாம் போட்டார் ஐசக். "கடை பேர்லதான்."

"கடை வேலைக்குத்தான் ஓட்டணுமோ?"

"நூத்துக்கு நூறு கடை வேலைக்குத்தான்."

"யாரு ஓட்டுவா?"

தொழிற்சாலை ஜீப் ஓட்டிப் பழகிய ஐசக்குக்குக் கண் முன்னால் ரோடு விரிந்தது. "நான் எதுக்கு இருக்கேன்? டிரைவர் நக்கோ, வேண்டாம். எதுக்குத் தண்டச் சம்பளம்?"

மரியபுஷ்பம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "தினமும் ஓட்டுவீங்களா? வெயில்லயும் மழையிலயும் காஞ்சன்பாக் வரைக்கும்?"

"நீ சொன்னா மெட்ராஸ் வரைக்கும் ஓட்டுவேன்."

"சரி அத்தான்" என்றாள் மரியபுஷ்பம். மறுபடி முட்டை அடிக்க ஆரம்பித்தாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் எதற்கும் முதல் பேச்சிலேயே "சரி அத்தான்" என்று சொன்னது கிடையாது. ஒரு மேசை விசிறி வாங்குவதற்கே ஒரு கோடைக்காலம் முழுக்க வாதாடியவள். வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் உஷாராகியிருப்பார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நம்ம ஆளோ கெட்டதுகூடத் தெரியாமல் விசிலடித்துக்கொண்டு குளிக்கப் போனார்.

அந்த வாரமே இரண்டு பேரும் ஒரு கார் ஷோரூமுக்குப் போனார்கள். மைலேஜ், மேற்கூரைக் கண்ணாடி, காற்றுப் பை என்று ஒப்பிக்கத் தயாராக ஓடிவந்தான் விற்பனைப் பையன். ஐசக் கையைக் காட்டி நிறுத்தி, வண்டி என்ன வெயிட் என்று கேட்டார். அந்தப் பையனிடம் இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. உள்ளே ஓடிப் போய் விசாரித்துவிட்டு வந்து, வெறும் வண்டி வெயிட்டா, ஆளும் சாமானும் ஏற்றின வெயிட்டா என்று கேட்டான். எது ஜாஸ்தியோ அதைச் சொல் என்றார் ஐசக். பிறகு போனில் கிலோவைப் பவுண்டாக மாற்றிப் பார்த்து, இதற்கு மேல் கனமாக இல்லையா என்று உதட்டைப் பிதுக்கினார். இவர் போக்குவரத்துத் துறை அதிகாரியாக இருக்குமோ என்று மேனேஜருக்குச் சந்தேகம் வந்து இரானி சாயாவும் பிஸ்கட்டும் வந்துவிட்டன. ஐசக்குக்குத் தரையில் கால் பாவவில்லை.

அந்த நேரத்தில்தான் மரியபுஷ்பம் ஷோரூமில் நின்ற மிகப் பெரிய காரின் பின்கதவைத் திறந்தாள். கைப்பையிலிருந்து தையல் டேப்பை எடுத்தாள். உள்ளே தலையை விட்டு நீள அகலம் அளந்தாள். கையோடு கொண்டுவந்திருந்த காலி கேக் பெட்டியைப் படுக்க வைத்துப் பார்த்தாள், இரண்டு பெட்டியை அடுக்கினால் இடிக்குமா என்று பார்த்தாள். அப்புறம் நிமிர்ந்து, இந்தப் பின் சீட்டையெல்லாம் கழற்றி எடுத்துவிடலாமா என்று ஷோரூம் முழுக்கக் கேட்கிற மாதிரி விசாரித்தாள்.

சாயாக் கோப்பையோடு நின்ற ஐசக்குக்கு உடம்பெல்லாம் கூசிப் போயிற்று. மெல்ல இரண்டு கார் தள்ளிப் போய் நின்றுகொண்டார். அந்த மேடம் உங்களோடு வந்தவர்களா சார் என்று பையன் கேட்டான். "எங்கயோ பாத்த மாதிரி இருக்கு" என்றார் ஐசக்.

அது அவள் காதில் விழுந்துவிட்டது. விழுந்த மாதிரி அவள் காட்டிக்கொள்ளவில்லை. வெளியே வந்து ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள். பக்கத்தில் ஐசக் ஏறப் போனபோது, "யாரு சார் நீங்க? இது எங்க அத்தான் உக்காருத இடம்" என்றாள். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். ஐசக் மன்னிப்புக் கேட்ட பிறகுதான் இடம் கிடைத்தது.

இதோடு அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஃபிரெடியின் காரில் பின் சீட்டில் உட்கார்ந்தபடி ஐசக் தொண்டையைச் செருமினார். அடுத்த வாரத்திலிருந்து நீங்கள் எங்களுக்காகச் சிரமப்பட வேண்டாம் தம்பி என்றார். ஃபிரெடி கண்ணாடி வழியாகப் பார்த்தான். ஹெவி வெஹிக்கிள் ஒன்று எடுக்கிறோம், தொழிலுக்கு, உங்கள் வண்டியைவிடப் பெரிது என்றார். ஆறாயிரம் பவுண்டு என்றார். என்ன தொழில் அண்ணாச்சி என்று ஃபிரெடி மரியாதையாகத்தான் கேட்டான். நம்ம தொழில்தான் என்று ஐசக் மழுப்பினார். மரியபுஷ்பம் ஜன்னல் வழியாக மவுலா அலி மலையைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

சர்ச்சில் இறங்கியதும் ஐசக் நேரே பங்குச் சாமியாரிடம் போனார். புது வண்டியை அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் மந்திரித்துத் தர வேண்டும் சாமி என்று கேட்டுக்கொண்டார். சாமியார் சந்தோஷப்பட்டார். பூசை முடிவில் அறிக்கை வாசிக்கும்போது, நம் பங்கைச் சேர்ந்த ஐசக் புதிதாக வாங்கியிருக்கும் வாகனம் அடுத்த ஞாயிறு மந்திரிக்கப்படும், அனைவரும் இருந்து செபிக்கவும் என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. இங்கே மணி அடித்தாயிற்று, யானையை இனிமேல்தான் வாங்க வேண்டும்.

திங்கட்கிழமை மரியபுஷ்பம் அவரை உஷாவிடம் கூட்டிப் போனாள். மருந்துக்கடை மாடியில் ஒற்றை அறை அலுவலகம். உஷா சென்னையிலிருந்து வந்தவள், ஐ.டி.யில் வேலை பார்க்கும் புருஷனோடு இங்கே குடியேறியவள். ஐசக் அவளுக்குப் பாடம் எடுக்கவே போனார். லிமிட், வெயிட், பவுண்டு என்று எல்லாவற்றையும் விளக்கினார். உஷா குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அங்கிள், உங்க சன் எங்க இருக்கார்?"

"டெக்ஸாஸ்ல."

"நீங்க சொல்ற சட்டமும் அங்கதான் அங்கிள் இருக்கு."

உஷா மெதுவாகச் சொன்னாள். இங்கே வண்டி எத்தனை கனம் என்று யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. கார் என்றால் தேய்மானம் என்று வருஷா வருஷம் மிச்சமிருக்கும் விலையில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு கழிக்கலாம், அவ்வளவுதான். மொத்தமாக ஒரே வருஷத்தில் கழிக்க முடியாது. அதுவும் தொழிலுக்கு ஓட்டின பங்குக்குத்தான். கல்யாணம், காதுகுத்து, சகலை வீடு என்று சொந்தத்துக்கு ஓட்டினால் அந்தப் பங்கை அதிகாரி வெட்டிவிடுவார். காருக்குக் கட்டின ஜி.எஸ்.டி.யும் திரும்ப வராது, சரக்கு வண்டியாக இருந்தால் வரும்.

ஐசக் கடைசியாக ஒரு துரும்பைப் பிடித்தார். "சர்ச்சுக்குப் போறது தொழில்ல சேராதாம்மா? அங்கதான் நிறைய ஆர்டர் கிடைக்கும்."

"ஆண்டவர் கேக் ஆர்டர் பண்ணினா பில் போட்டு அனுப்புங்க அங்கிள், பாத்துக்கலாம்."

படியிறங்கும்போது ஐசக்கின் முகத்தில் ஈயாடவில்லை. தன் பிள்ளை வயதுப் பெண் முன்னால், அதுவும் பெண்டாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அமெரிக்கச் சட்டத்தை மாரியம்மன் கோவில் கூழ் மாதிரி ஊற்றிவிட்டு வந்திருக்கிறார். வீட்டுக்கு வந்து கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தவர் காபிக்குக்கூட எழுந்திருக்கவில்லை. வரி போனால் போகட்டும். ஞாயிற்றுக்கிழமை வருமே, அதை என்ன செய்வது? சாமியார் தீர்த்தச் செம்போடு நிற்பார். பங்கு மக்கள் வட்டமாக நிற்பார்கள். "அந்த ஆறாயிரம் பவுண்டு எங்கே அண்ணாச்சி?" என்பான் ஃபிரெடி.

மரியபுஷ்பம் சிரித்திருக்கலாம். சிரிப்பதற்கு எல்லா உரிமையும் அவளுக்கு இருந்தது. அவள் சிரிக்கவில்லை. கேக்கின் ஓரம் வெட்டிய துண்டுகளை ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அந்த அன்பு ஐசக்கை இன்னும் கொன்றது.

"புஷ்பம்," என்றார் சுவரிடம், "எனக்கு அவமானமா இருக்கு. எப்படியாவது ஒரு வண்டி எடுத்திரு. ஃபிரெடி முன்னால என்னால வெறுங்கையோட நிக்க முடியாது."

அவள் தட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். பிறகு கேட்டாள். "நூத்துக்கு நூறு கடை வேலைக்குன்னு சொன்னீங்கல்லா, அது இப்பமும் உண்டா?"

"உண்டு."

"தினமும் நீங்கதான் ஓட்டுவீங்க?"

"ஓட்டுவேன்."

"நானும் உஷாவும் பாத்து எடுக்கோம். அப்புறம் இது என்னத்துக்கு, அது என்னத்துக்குன்னு ஒரு வார்த்தை கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டேன்."

"மாதா மேல?"

"மாதா மேல சத்தியம்."

சத்தியம் பண்ணிய பிறகுதான் அவர் கேக்கைத் தொட்டார்.

வார நாட்களில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. என்ன வண்டி என்று கேட்க வாய் வரும், உஷாவின் மாடியறை ஞாபகம் வரும், வாய் போய்விடும். எங்கே அதிகம் கேட்டால் வண்டியே வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம் வேறு. வெள்ளிக்கிழமை தாங்க முடியாமல், பெரிய வண்டிதானா என்று மட்டும் கேட்டார். ஃபிரெடி வண்டியைவிட உயரம் என்றாள். கனமா என்றார். எவ்வளவு கனம் வேண்டுமானாலும் தாங்கும் என்றாள். கலர் வெள்ளை என்றதும் ஐசக் கண்ணை மூடி ஆண்டவருக்கு நன்றி சொன்னார். சனத்நகரிலிருந்து வண்டிக் கடைக்காரர்களே ஞாயிற்றுக்கிழமை பூசை முடியும் நேரத்துக்கு நேராக சர்ச்சுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள், பூவெல்லாம் வைத்து, என்றாள். அந்த ஏற்பாடு ஐசக்குக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. மரியபுஷ்பத்தின் வாயிலிருந்து வந்ததில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை, அதையும் நாம் ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஞாயிறும் வந்தது. ஐசக், தொழிற்சாலை வெள்ளிவிழாவுக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டார். பொத்தான் போட முடியவில்லை, திறந்தே விட்டார். கடைசித் தடவையாக ஃபிரெடியின் பின் சீட்டில், ஒரு மாமன்னர் வாடகைக் குதிரையில் ஏறுவது போல ஏறினார். பூசையில் மனம் பதியவில்லை. பூசை முடிந்து சாமியார் தீர்த்தச் செம்போடு வெளியே வந்தார். பங்கு மக்கள் வட்டம் கட்டி நின்றார்கள். ஐசக் கேட்டைப் பார்த்து நடு வட்டத்தில் நின்றார்.

கேட்டுக்குள் ஒரு வண்டி திரும்பியது. வெள்ளை. நல்ல உயரம். முன்னால் இரண்டு சீட்டு, பின்னால் நாலு பக்கமும் மூடிய பெரிய பெட்டி. யாரோ பால் வண்டிக்காரன் வழி தப்பி வந்துவிட்டான் என்று ஐசக் நினைத்தார். இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு முன்னால் போய், "தம்பி, இங்க நிறுத்தாத, என் வண்டி வருது" என்றார்.

வண்டி அவர் முன்னால் வந்து நின்றது. நெற்றியில் செவ்வந்தி மாலை. பெட்டியின் பக்கவாட்டில் ஆள் உயரத்துக்கு ஒரு மூன்றடுக்குக் கேக், உச்சியில் செர்ரிப் பழம். அதற்குக் கீழே "மரியபுஷ்பம் கேக்ஸ்" என்று தமிழிலும் தெலுங்கிலும் கொட்டை எழுத்தில். அதற்கும் கீழே, டெலிவரிக்குக் கூப்பிடவும் என்று ஒரு போன் நம்பர். ஐசக் அதை இரண்டு முறை படித்தார். அது அவருடைய நம்பர்தான்.

சின்னப் பிள்ளைகள் "கேக் வண்டி! கேக் வண்டி!" என்று கை தட்டினார்கள். பெரியவர்கள் யாரும் சத்தம் போட்டுச் சிரிக்கவில்லை. அது ஐசக்குக்கு இன்னும் மோசமாக இருந்தது. கோட்டுக்குள்ளே வேர்த்து வடிந்தது. பூமி பிளந்து தன்னை விழுங்கக் கூடாதா என்று பார்த்தார். சர்ச் வளாகத்தில் சிமெண்ட் போட்டிருந்தார்கள்.

சாமியார் நல்ல மனுஷர். சட்டென்று செபப் புத்தகத்தைத் திறந்து, உரிமையாளர் முன்னால் வரலாம் என்றார். மரியபுஷ்பம் முக்காட்டைச் சரி பண்ணிக்கொண்டு முன்னால் வந்தாள். அடுத்தபடியாக, ஓட்டுநர் யார் என்றார் சாமியார். மரியபுஷ்பம் திரும்பி ஐசக்கின் முழங்கையை மெல்லத் தொட்டாள். மாதா மேல் சத்தியம் பண்ணின ஆள், மாதாவின் வாசலிலேயே நின்றுகொண்டு என்ன சொல்ல முடியும்? தலையைக் குனிந்தபடி போய் நின்றார். சாமியார் வண்டிக்கும் தீர்த்தம் தெளித்தார், ஓட்டுநருக்கும் தெளித்தார். ஓட்டுநர்களின் பாதுகாவலரான புனித கிறிஸ்டோபர் இந்த ஓட்டுநருக்குத் தாழ்ச்சியையும் பொறுமையையும் தந்தருள வேண்டுமென்று மன்றாடினார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். ஃபிரெடியின் ஆமென் தனியாகக் கேட்டது.

பிறகு ஃபிரெடி வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். கிண்டல் பண்ணினாலாவது பதிலுக்கு ஏதாவது சொல்லலாம். அவன் கிண்டல் பண்ணவில்லை. நிஜமாகவே சந்தோஷமாக, நல்ல வண்டி அண்ணாச்சி, அண்ணிக்கு இனி ஆட்டோவில் கேக் நசுங்காது, இதை நீங்கள் எப்போதோ செய்திருக்க வேண்டும் என்றான். ஆட்டோவில் கேக் நசுங்குகிறது என்பதே ஐசக்குக்கு இப்போதுதான் தெரியும். சகலைக்குத் தெரிந்திருக்கிறது, தனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு அவர் பட்ட வெட்கத்தில் அதுதான் உண்மையான வெட்கம்.

கூட்டம் கலைந்தது. என்ன இருந்தாலும் சொந்த வண்டி, பெண்டாட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்து ராஜா மாதிரி ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்று ஐசக் மனதைத் தேற்றிக்கொண்டார். போய் இடது பக்கக் கதவைத் திறந்து பிடித்தார்.

"நக்கோ அத்தான்" என்றாள் மரியபுஷ்பம். "பூசைக்கு வந்தது சொந்த வேலைல்லா. நான் ஏறினா நூத்துக்கு நூறு கெட்டுப் போகும், உஷா கோவிப்பா. நான் ஃபிரெடி கார்ல வாரேன். பின்னால ரெண்டு கேக் இருக்கு, சைனிக்புரியில இறக்கிட்டு வந்திருங்க."

இரண்டடி போனவள் திரும்பி வந்தாள். "அந்தக் கோட்டைக் கழட்டித் தாங்க. கிரீம் பட்டா போவாது."

கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு அவள் ஃபிரெடியின் காரில் ஏறினாள். பின் சீட்டில் இப்போது தாராளமாக இடம் இருந்தது. கார் கேட்டைத் தாண்டிப் போனது.

வண்டியைக் கொண்டுவந்திருந்த தண்டபாணி சாவியை நீட்டினார். சனத்நகர் வண்டிக் கடையில் விற்பனை அவர் பொறுப்பு, வேலூர்ப் பக்கத்து ஆள். கியர் எப்படி விழும், பின்கதவுத் தாழ்ப்பாள் எப்படி என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். ஐசக்குக்கு யாராவது ஒருவர் முன்னாலாவது நிமிர்ந்து நிற்க வேண்டும் போலிருந்தது. இவருக்குத்தான் நடந்தது எதுவும் தெரியாதே.

"வண்டி எடுக்கணும்னு முடிவு பண்ணினது நான்தான்" என்றார் ஐசக், சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு. "நான் முடிவு பண்ணினா அவ்வளவுதான். ரெண்டே வாரத்துல வண்டி வாசல்ல நிக்குது பாத்தீங்களா?"

தண்டபாணி குழப்பமாக அவரைப் பார்த்தார்.

"ரெண்டு வாரமா? கிறிஸ்மஸ் முடிஞ்ச கையோட மேடம் புக் பண்ணிட்டாங்களே சார். டிரைவர் அமையலேன்னுதான் இத்தனை நாளா டெலிவரி எடுக்காம இருந்தாங்க."